தேயாத காசு

1

என்னிடம் இருபது காசு நாணயங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் செம்பு. இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, மதராஸ் ராஜதானியில் புழங்குவதற்கென்றே, பர்மிங்ஹாம் அருகே சோஹோவில் மாத்யூ போல்டனின் நீராவி அச்சுகளில் அடிக்கப்பட்டவை. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம்: கேடயம், அதைத் தாங்கும் இரண்டு சிங்கங்கள், லத்தீன் வாசகம், ஆண்டு. மறுபக்கம், இருபது காசு நாலு பலூஸ் என்று பாரசீகத்தில். அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, ஆங்கிலத்தில் ‘கேஷ்’. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஆக இது கால் பணம். ஒரு வராகனுக்கு இப்படி 168 வேண்டும். இன்றைய பத்து ரூபாய் நாணயத்தைவிட அகலம், கனமும் கொஞ்சம் அதிகம்.

முதல் காசு பாட்டியுடையது. கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் பழைய வீட்டில், அஞ்சறைப் பெட்டியில் மஞ்சளோடு அதைப் போட்டு வைத்திருந்தாள். ஏன் அங்கே என்று கேட்டால், “அது அங்கதான் இருக்கும்” என்பாள். அவளுடைய மாமியார் காலத்திலும் அது அங்கேதான் இருந்ததாம். சிங்கங்கள் போய்விட்டன. கேடயம் இருந்த இடத்தில் ஒரு மேடு. பாரசீகம், தேய்ந்த நகக்குறிகள் மாதிரி நாலைந்து கீறல். ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தால் 180 என்று மூன்று எண்கள் தெரியும். நாலாவது எண் தேய்ந்துவிட்டது. இந்தக் காசு 1803லும் அடிக்கப்பட்டது, 1808லும் அடிக்கப்பட்டது. என்னுடையது எது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காசு சந்தேகமில்லாமல் 1808. லண்டனில் வேலையாயிருக்கும் சித்தி மகன், எனக்கு இந்தப் பைத்தியம் இருப்பது தெரிந்து, போன தடவை வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தெரிகிறது. இது எந்தக் கடையிலும் எந்தச் சாமானுக்கும் கைமாறியதில்லை. 1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கம்பெனிக் கப்பல் மதராஸுக்கான செம்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இரும்பு, நங்கூரம், பீரங்கிக் குண்டு இவற்றோடு நாற்பத்தெட்டு டன் காசு, மரப் பீப்பாய்களில். இங்கிலாந்தின் கரையை விட்டே அது போகவில்லை. கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் புயலில் மாட்டி உடைந்தது. காசுகள் நூற்றெழுபத்தைந்து வருஷம் மணலுக்குள் கிடந்தன. 1984-85ல் பத்து லட்சத்துக்கும் மேல் வெளியே எடுத்தார்கள். பீப்பாய்க்குள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்ததில், நடுவில் இருந்தவை உப்புக்குத் தப்பித்தன. அவற்றில் ஒன்று இப்போது ராயபுரத்தில் என் மேஜையில் இருக்கிறது. வந்து சேர வேண்டிய இடத்துக்கு, இருநூறு வருஷத்துக்கு மேல் தாமதமாக, ஒரு சூட்கேஸில் வந்து சேர்ந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்ச நாளாக என் மாலைநேரப் பழக்கம். எது காசு என்ற கேள்வி அப்படித்தான் வந்தது. கேள்வி காசைப் பற்றியது மட்டுமல்ல என்பது பிறகுதான் புரிந்தது.

2

கறாராகச் சொன்னால், நாணயம் சேகரிப்பவர்கள் மிக உயரத்தில் வைப்பது என் கடல்காசு மாதிரியானவற்றை அல்ல. பத்து லட்சம் வெளியே வந்த பிறகு அதில் அபூர்வம் என்ன இருக்கிறது? அவர்கள் உயர்த்திப் பேசுவது மாதிரி நாணயத்தை. ஒரு புதிய நாணயத்தை அடிப்பதற்கு முன் தங்கசாலை சில பிரதிகள் அடித்துப் பார்க்கும். இந்த முகம் சரியா, இந்த உலோகம் சரியா, ஓரம் எப்படி இருக்கலாம் என்று மேலிடம் பார்த்து முடிவுசெய்ய. ஒப்புக்கொண்டால் அது நாணயமாகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தச் சில பிரதிகள் மட்டும் ஒரு யோசனையின் உலோக மிச்சமாக நின்றுவிடும்.

எட்டாம் எட்வர்ட் இதற்குப் பிரசித்தமான உதாரணம். 1936 ஜனவரியில் பட்டத்துக்கு வந்து டிசம்பரில் துறந்தவர். அவருக்காக லண்டன் தங்கசாலை 1937 என்று ஆண்டு போட்டு மாதிரிகள் தயாரித்தது. ஒவ்வொரு ராஜாவும் முன்னவருக்கு எதிர்த்திசையில் முகம் காட்டுவது பிரிட்டிஷ் நாணய மரபு. தந்தை இடப்பக்கம் பார்த்தார்; மகன் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தன் இடப்பக்க முகம்தான் அழகு என்று எட்வர்ட் பிடிவாதம் பிடித்தார். மாதிரிகள் அப்படியே செய்யப்பட்டன, நாணயம் வரவில்லை. இந்தியாவில் அவர் முகத்தோடு ஒரு தம்படிகூடப் புழங்கவில்லை. இங்கே மக்களுக்கு ஐந்தாம் ஜார்ஜுக்குப் பிறகு நேரே ஆறாம் ஜார்ஜ்தான்.

மாதிரிக்கு ஆசைப்படுபவர்கள் இருக்கும்போது மாதிரிக்கும் மாதிரி வந்துவிடும். என் காசுகள் இரண்டும் பிறந்த சோஹோ தங்கசாலை 1850ல் ஏலத்துக்கு வந்தது. டெய்லர் என்ற லண்டன்காரர் பழைய அச்சுகளை வாங்கி, போல்டன் காலத்து மாதிரிகளைத் திரும்பவும் அடித்து சேகரிப்பவர்களுக்கு விற்றார். புழக்கத்துக்கு வராத ஒன்றின் மறுபதிப்பு, புழக்கத்துக்கு வராமலிருப்பதற்காகவே. கல்கத்தா, பம்பாய் தங்கசாலைகளும் பழைய அச்சுகளில் இந்தக் காரியத்தை வெகுகாலம் செய்துவந்தன.

இந்த உலகத்தில் தரம் பார்ப்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. 1949ல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் வகுத்தது. ஒன்றிலிருந்து எழுபது வரை மார்க். ஒன்று என்பது என்ன நாணயம் என்று மட்டும் அடையாளம் தெரிகிற அளவு தேய்ந்தது. பாட்டியின் காசு ஒன்றோ இரண்டோ வாங்கும். எழுபது என்பது அச்சிலிருந்து விழுந்த பிறகு எதன்மீதும் உரசாதது. மார்க் போட்டு, பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து, பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் இது ஒரு நாணயம் தன் வேலையை எவ்வளவு செய்யவில்லை என்பதற்குப் போடுகிற மார்க்.

அமெரிக்காவின் 1933ஆம் வருஷத்து இருபது டாலர் தங்க நாணயம் இதன் உச்சம். 4,45,500 நாணயங்கள் அடிக்கப்பட்டன. ரூஸ்வெல்ட் தங்கத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டதால் அவற்றை வெளியிடாமல் உருக்கிவிட்டார்கள். எப்படியோ சில தப்பித்தன. அதில் ஒன்று வழக்கு வியாஜ்யங்களுக்குப் பிறகு 2002ல் ஏலத்துக்கு வந்து 75 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அந்தத் தொகையோடு வாங்கியவர் தனியாக இருபது டாலர் கட்ட வேண்டியிருந்தது. அரசாங்கம் அந்த நாணயத்தை ஒருபோதும் வெளியிடவில்லையே, அதன் முகமதிப்பைப் பெற்றுக்கொண்டு அன்றுதான் வெளியிட்டதாகக் கணக்கு. இந்த இருபது டாலரைப் பற்றி வாசித்தபோது கேஷ் கவுண்டரில் உட்காருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு திருப்தி ஏற்பட்டது. எவ்வளவு அபூர்வமானாலும் ஒரு கவுண்டரைத் தாண்டி வந்தால்தான் காசு.

3

தேய்ந்த நாணயம் நவீன இலக்கியச் சிந்தனையில் ஒரு ஸ்தாபிதமான படிமம். நீட்சே 1873ல் எழுதி, அச்சுக்குக் கொடுக்காமலே வைத்திருந்த ஒரு கட்டுரையில், உண்மைகள் என்று நாம் சொல்பவை முகம் தேய்ந்து வெறும் உலோகமாகிவிட்ட நாணயங்கள் என்ற அர்த்தத்தில் பேசுகிறார். மல்லார்மேக்கு அன்றாட மொழி என்பது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மௌனமாக மாற்றப்படும் நாணயம். கவிதையின் மொழி வேறு. இந்த இரண்டும் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. நம் விமர்சனக் கட்டுரைகளில் ‘தேய்ந்த சொல்’, ‘தேய்ந்த உவமை’ என்ற வசவுகள் எங்கிருந்து வந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

பாட்டியின் காசைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படிமத்தை யோசித்தால் ஓர் இடறல் வருகிறது. 1803லோ 1808லோ மதராஸ் கடற்கரையில் இந்தக் காசை முதன்முதலாக வாங்கிய கை யாருடையது? படகோட்டி, கூலி, உப்பு விற்றவள், சாராயக் கடைக்காரன். லத்தீன், ஆங்கிலம், பாரசீகம் மூன்றும் அவர்களுக்கு ஒன்றுதான். காசு புத்தம் புதிதாக இருந்த அன்றே அதன்மேல் எழுதியிருந்தது அவர்களுக்கு இல்லை. அகலம், கனம், கீழே போட்டால் எழும் சத்தம் இவற்றால்தான் அது கால் பணம் என்று தெரிந்துகொண்டார்கள். எழுத்து அழிந்தபோது அவர்கள் எதையும் இழக்கவில்லை. தேய்ந்துபோயிற்றே என்பது நாணயத்தைப் படிக்கத் தெரிந்தவனின் துக்கம். செலவழிப்பவனின் துக்கம் அல்ல. நீட்சேயும் மல்லார்மேயும் கவுண்டருக்கு வெளியே நின்றவர்கள். எலியட் 1917லிருந்து 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தாரே என்று கேட்கலாம். அவர் இருந்த பிரிவில் சில்லறை எண்ண வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எழுத்தே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதே கம்பெனி 1807லிருந்து இங்கே மதராஸில் அடித்த வெள்ளிக் கால் வராகனில், ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் விஷ்ணுவும் இருக்க, ஆங்கிலம், பாரசீகத்தோடு தமிழும் தெலுங்கும் இருந்தன. பர்மிங்ஹாமில் அடித்ததில் தமிழ் இல்லை, மதராஸில் அடித்ததில் இருந்தது. அந்த மதராஸ் தங்கசாலை 1869ல் மூடப்பட்டது. கட்டிடங்களில் அரசாங்க அச்சகம் வந்தது. காசு அடித்த இடத்தில் காகிதம் அடித்தார்கள். பெயர் மட்டும் தெருவுக்கு மிஞ்சியது. 2024 ஆகஸ்டில் வெளியான கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. அதைக் கொண்டுபோய் யாரும் காய்கறி வாங்குவதில்லை. வாங்கியவர்கள் கண்ணாடி பீரோவில் வைத்திருக்கிறார்கள்.

காசு என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். ஆங்கில அகராதியில் இரண்டு ‘கேஷ்’ உண்டு. ஒன்று பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லின் வழியே வந்தது. இன்னொன்று நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. ஒலி ஒன்றாகிவிட்டதில், நான் உட்காரும் கவுண்டரின் பலகையில் எழுதியிருப்பது எது என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சொல் தேய்ந்ததா? தேய்ந்துதான் இருக்கிறது. தேய்ந்ததனால்தான் அத்தனை பேர் வாயிலும் இருந்தது.

புழக்கம் என்பது நாணயத்தின் குணமல்ல, அதை வாங்குகிறவனின் நம்பிக்கை என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2016 நவம்பருக்குப் பிறகு பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு பேச்சு தமிழ்நாடு முழுவதும் பரவியது. ரூபாய்க் குறி போட்டது நல்லது, போடாதது கள்ளம். பத்துக் கோடு உள்ளது நல்லது, பதினைந்து கோடு உள்ளது கள்ளம் என்று ஆளுக்கொரு லட்சணம் சொன்னார்கள். ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. 2018 ஜனவரியில் மறுபடியும் விட்டது: இதுவரை பதினான்கு வடிவங்கள் வெளியாகியிருக்கின்றன, எல்லாம் செல்லும் என்று. சட்டமும் ஆயிரம் ரூபாய் வரை நாணயமாகக் கொடுத்தால் செல்லும் என்கிறது. டீக்கடையும் பஸ் கண்டக்டரும் சட்டம் படிக்கவில்லை. இது புதிதுமல்ல. 1911ஆம் வருஷத்து ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று கிளம்பிய பேச்சில், அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, மறுவருஷம் யானைக்குத் தும்பிக்கையை நன்றாகக் காட்டி அடித்தார்கள். அன்று வதந்திக்காக நாணயத்தை மாற்றினார்கள். இன்று நாணயம் மாறவில்லை, வதந்தியும் மாறவில்லை.

4

அந்த நாட்களில்தான் அவர் எங்கள் கிளைக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஒருவரிடம் கணக்கு எழுதுபவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். இவரைக் கடலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கூடை வைத்து மீன் விற்கும் பெண்கள் கொடுக்கிற பத்து ரூபாய் நாணயங்களெல்லாம் ஏலக்காரரிடம் தேங்கி, மஞ்சள் பையில் இவரோடு வங்கிக்கு வரும். நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருப்பார். மீன் வாசனை அடிக்கும். மற்ற கவுண்டர்களில் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் வாங்கிக்கொள்வேன். இரக்கத்தினால் அல்ல. நாணயம் எண்ணுவது எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் என் இழுப்பறையில் கிடந்த பத்திரிகையைப் பார்த்துவிட்டார். இதே பத்திரிகைதான். “இதெல்லாம் படிப்பீங்களா சார்?” என்றார். அடுத்த தடவை சலானோடு ஒரு நோட்டும் வந்தது. நாற்பது பக்க நோட்டு, கணக்கு எழுதும் அதே கையெழுத்து, முப்பது கவிதைகள் இருக்கும். “நேரம் கெடச்சா பாருங்க சார். அவசரம் இல்ல.”

அவசரமில்லாமல்தான் பார்த்தேன். பென்சிலோடு. நான் பி.ஏ. ஆங்கிலம். சங்கக் கவிதையை முதன்முதலில் ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத்தான் தமிழுக்கு வந்தேன். அந்த நோட்டில் ‘வாடை’ என்ற சொல் ஏழெட்டு இடத்தில் வந்தது. வாடை வருகிறது, வாடை நிற்கவில்லை, வாடைக்குக் கதவு அடிக்கிறது என்று. ஒவ்வொரு இடத்திலும் அடிக்கோடு போட்டேன். ஓரத்தில், ‘சங்க எச்சம். தேய்ந்த படிமம். உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்’ என்று எழுதினேன். நெடுநல்வாடையிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். புழக்கத்திலிருந்து போய் இரண்டாயிரம் வருஷமான ஒரு நாணயத்தை, மியூசியத்தில் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துவந்து நீட்டுகிறார் என்று.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். ஓரத்தில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். “டைம் எடுத்து பாத்திருக்கீங்க. தேங்க்ஸ் சார்” என்றார்.

அந்த டிசம்பரில் ஒரு நாள் இரண்டே பைகளோடு வந்தார். “என்னண்ணே, இன்னிக்குக் கொஞ்சமா இருக்கு?” என்றேன்.

“வாடை ஏறிப்போச்சு சார். நாலு நாளா போட் போவல.”

சலானில் தொகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கை நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேலியாகவோ பதிலடியாகவோ அவர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு விவரம் சொன்னார், அவ்வளவுதான். என் கவுண்டரிலிருந்து நடக்கிற தூரத்தில், படிப்பு வாசனை இல்லாத ஆட்கள் தினமும் காலையில் வாய்க்கு வாய் மாற்றிக்கொள்ளும் சொல் அது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் சொல்லித்தான் அன்றைய பிழைப்பு உண்டா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்தச் சொல் ஒருபோதும் புழக்கத்தை விட்டுப் போகவில்லை. ஆங்கில வழியாக வந்த எனக்குத்தான் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. டீக்கடைக்காரன் பத்து ரூபாயைப் புரட்டிப் பார்த்து, கோடு எண்ணி, செல்லாது என்று தள்ளுகிற மாதிரி நான் தள்ளியிருக்கிறேன். அவனாவது வதந்தியை நம்பினான். நான் என் படிப்பை நம்பினேன்.

அந்தக் கவிதைகள் நல்லவையா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் இல்லை. நான் அவற்றைப் படிக்கவில்லை. தரம் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு என்பதை முப்பத்தைந்து வயதுக்கு மேல் தெரிந்துகொள்வது ஒரு விமர்சகனுக்குப் பெருமையில்லை.

இதை ஒரு பாவமன்னிப்பாக எழுதவில்லை. நம் வட்டத்தில் எல்லோரிடமும் இது கொஞ்சம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை எத்தனை பிரதி அச்சாகிறது என்று நமக்குத் தெரியும். அதில் எத்தனை கட்டுப் பிரிக்காமல் ஆசிரியர் வீட்டுப் பரணில் இருக்கிறது என்றும் தெரியும். அது கஷ்டம்தான். ஆனால் எந்தக் கட்டத்திலோ நாம் அந்தக் கஷ்டத்தைத் தரமாக மாற்றிக்கொண்டுவிட்டோம். யாரும் வாங்காதது நல்லது. யார் கையும் படாதது அதைவிட நல்லது என்று. ஷெல்டனின் எழுபது மார்க். மாதிரி நாணயங்களின் பேரில் எனக்கிருந்த ஆசையும் இதே இடத்திலிருந்துதான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. புழங்குவதெல்லாம் மட்டம் என்று நம்புவது, புழங்குவதெல்லாம் உயர்வு என்று நம்புவதைப் போலவே சுலபம். இரண்டிலும் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் காசு புழங்கிப் புழங்கி, கடைசியில் தன் வருஷத்தைக்கூடச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. சிங்கம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிவதே கடலில் மூழ்கிய காசினால்தான். மூழ்கிய காசு இல்லாவிட்டால் பாட்டியின் காசைப் படிக்க முடியாது. புழங்கிய காசு இல்லாவிட்டால் மூழ்கியது எதற்காக அடிக்கப்பட்டது என்று விளங்காது. சிறு பத்திரிகைக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டுமானால் இந்த அளவுக்குத்தான் என்னால் சொல்ல முடியும்.

5

போன மாதம் அந்தக் கடல்காசைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மத்தியானம், கூட்டமில்லை. அவர் வந்தார். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. பத்து ரூபாய் நாணயம் இப்போதும் வருகிறது, முன்போல் அவ்வளவு இல்லை. “ஒண்ணு காட்டறேன் அண்ணே, பாருங்க” என்று பிளாஸ்டிக் உறையைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். கப்பல் கதையைச் சொன்னேன். 1809, மணல்திட்டு, பீப்பாய், நாற்பத்தெட்டு டன்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்போதெல்லாம் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் போய்ச் சரக்கையும் ஆட்களையும் அலையைத் தாண்டிக் கொண்டுவரும். அந்தப் படகோட்டிகள் சேர்த்துக் கட்டியதுதான் ராயப்பர் கோயில். ராயபுரத்துக்குப் பெயர் வந்ததே அவரால்தான். இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

“அப்போ இத்த நம்மாளுங்கதானே சார் கரை சேத்திருக்கணும்?”

“ஆமாண்ணே.”

“பாவம். கூலி போச்சு.”

இரண்டு வருஷமாக இந்தக் காசைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது வந்து சேராததில் கூலி இழந்தவர்கள் உண்டு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

பேசிக்கொண்டே உறையைப் பிரித்துக் காசை உள்ளங்கையில் கொட்டினார். சேகரிப்பவர்கள் யாரும் இதைப் பார்த்தால் கத்தியிருப்பார்கள். செம்பை ஓரத்தில் மட்டும்தான் பிடிக்க வேண்டும், முகத்தைத் தொடக்கூடாது. விரலின் ஈரமும் உப்பும் நாளடைவில் கறையாகிவிடும். என் வாயில் “பாத்துண்ணே” என்று வந்து நின்றுவிட்டது. அவர் கட்டைவிரலால் சிங்கத்தின்மேல் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தார். கனம் பார்த்தார். கவுண்டர் பலகைமேல் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்டார். “நல்ல காசு சார்” என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் கழித்துக் கேடயத்தின்மேல் மங்கலான ரேகை பழுப்பாக எழும்பியிருந்தது. அசிட்டோன் வைத்துத் துடைத்திருந்தால் ஆரம்பத்திலேயே போயிருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். துடைக்கவில்லை.

நோட்டைப் பற்றி அன்றே கேட்டேன். காசைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சலானைப் பார்ப்பது மாதிரி குனிந்துகொண்டு, “அண்ணே, அந்த நோட்டு இருக்கா?” என்றேன்.

“இருக்குது சார். எங்க போவுது.”

“மறுபடி ஒரு தடவை கொண்டு வர்றீங்களா? பென்சில் எடுக்க மாட்டேன்.”

சிரித்தார். “பாக்கலாம் சார்” என்றார். கொண்டு வருவார் என்றோ மாட்டார் என்றோ அதிலிருந்து எனக்குப் புரியவில்லை. பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவருடைய பையை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தேன்.